நித்தியகல்யாணி மயிர்வேரிலிருந்து அஜ்மலிசின்: ஆய்வகத்தில் வளர்த்துப் பிரித்தெடுக்கும் முழு முறை

இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகிறது. சுடுகாட்டு மல்லி என்றும் கல்லறைப் பூ என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் அதே செடிதான். அதன் தாயகம் மடகாஸ்கர். 1958-இல் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றுவரை அதற்கு இடம் இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படும் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எல்லா மாணவர்களுக்கும் தோன்றுவது ஒன்றே: இலையின் செல்களைக் குடுவையில் பெருக்கி, அந்த மருந்தை அங்கேயே சுரக்க வைத்தால் என்ன? திசு வளர்ப்பில் இறங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இந்தக் கேள்விக்கான விடையில் இருப்பதால், செய்முறைக்கு முன் அதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடலாம்.

பொருளுக்கு ஏற்ற திசுவைத் தேர்தல்

வின்பிளாஸ்டின் என்பது வின்டோலின், காதரந்தின் என்னும் இரண்டு ஆல்கலாய்டுகள் (செடியில் உண்டாகும், நைட்ரஜன் கொண்ட காரப் பொருள்கள்) இணைந்து உருவாகும் மூலக்கூறு. இவற்றுள் வின்டோலினைச் செடி ஒரே செல்லில் உண்டாக்குவதில்லை. தொடக்கப் படிகள் இலை நரம்பை ஒட்டிய செல்களிலும், நடுப் படிகள் மேல்தோல் செல்களிலும், கடைசிப் படிகள் பால்குழாய்களிலும் அவற்றைப் போன்ற சிறப்புச் செல்களிலுமாக நடக்கின்றன. இடைப்பொருள் ஒரு செல்லிலிருந்து அடுத்த வகைச் செல்லுக்குக் கைமாறிச் செல்கிறது. இலையைத் துண்டாக்கிக் கேலஸ், அதாவது உருவமற்ற செல்திரள், ஆக்கும்போது இந்த வேலைப் பகிர்வு முழுவதும் கலைந்து, எல்லாச் செல்களும் பெருகுவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரே மாதிரிச் செல்களாகிவிடுகின்றன. கேலஸ் அழகாக வளரும், மாதாமாதம் பெருகும். ஆனால் அதில் வின்பிளாஸ்டினைத் தேடுவது வீண். எத்தனையோ ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் மூன்று ஆண்டுகளை இழந்திருக்கின்றன.

அதே செடியின் வேர் வேறு சில பொருள்களை இயல்பாகவே தயாரிக்கிறது. அஜ்மலிசின், செர்ப்பன்டின், காதரந்தின் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ரௌபசின் என்ற பெயரிலும் வழங்கும் அஜ்மலிசின் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுத்தப்பட்ட மருந்து. சர்ப்பகந்தியிலும் அது உண்டு. இதைத் தனிச் செல் வளர்ப்பில் பெற ஜெர்மனியில் ஜென்க் என்னும் ஆய்வாளரின் குழுவினர் கடுமையாக உழைத்தார்கள். ஏராளமான செல் வரிசைகளை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களை) சோதித்து, அஜ்மலிசினும் செர்ப்பன்டினும் மிகுதியாகத் தரும் வரிசைகளைப் பிரித்தெடுத்து 1977-இல் வெளியிட்டார்கள். ஆனால் நித்தியகல்யாணிச் செல் வரிசைகளின் உற்பத்தி காலப்போக்கில் நிலைகுலைகிறது என்பதை 1984-இல் எழுதியவர்களும் அதே குழுவினர்தாம். உழைத்துக் கண்ட நல்ல முடிவை வெளியிட்ட நேர்மையோடு அதன் சரிவையும் வெளியிட்டார்கள் என்பதால் எனக்கு அந்தக் கட்டுரைகள் மீது தனி மரியாதை உண்டு.

இந்த நிலையின்மைக்கு மாற்றாக வந்ததுதான் மயிர்வேர் வளர்ப்பு. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்னும் மண் பாக்டீரியா, செடியின் காயத்தில் புகுந்து தன் ஆர்ஐ பிளாஸ்மிடின் (தனி வளையமாக உள்ள டிஎன்ஏவின்) ஒரு துண்டை, டி-டிஎன்ஏ எனப்படுவதை, செடியின் மரபணுத் தொகுதியில் பதித்துவிடுகிறது. அதிலுள்ள ரோல் மரபணுக்கள் செல்லை வேராக மாறச் செய்கின்றன. இப்படி முளைக்கும் வேர், ஹார்மோன் எதுவும் வளர்ப்பு ஊடகத்தில் (சத்துக் கலவையில்) சேர்க்காமலே விரைந்து வளரும். கிளைகள் மிகுதியாக விடும். வேர் என்ற உடலமைப்பைக் கலைக்காமல் வைத்திருப்பதால் வேர் தயாரிக்கும் பொருளைத் தொடர்ந்து தயாரிக்கும். இயற்கைக்கு இது புதிதும் அன்று. நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மரபணுத் தொகுதியிலேயே இந்த இனப் பாக்டீரியாவின் டி-டிஎன்ஏ எப்போதோ பதிந்து கிடப்பதை 2015-இல் கண்டறிந்தார்கள்.

கேலஸும் தனிச் செல்லும் எந்தப் பொருளுக்கும் உதவாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பக்லிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்து ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளும் கலன்களில் யூ மரத்தின் செல்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் 1983-இல் ஷிகோனின் என்னும் செந்நிறப் பொருளைச் செல் வளர்ப்பில் சந்தைக்குக் கொண்டுவந்தது. செல்களை முதலில் பெருக்க ஓர் ஊடகம், பின்பு நிறப்பொருளைச் சுரக்க வைக்க மற்றோர் ஊடகம் என்று இரு கட்டமாகச் செய்தார்கள். ஆகவே, எந்தப் பொருள் செடியின் எந்தப் பகுதியில், எத்தனை வகைச் செல்களின் கூட்டுழைப்பில் உருவாகிறது என்பதை முதலில் படித்து, அதற்கேற்ற திசுவைத் தேர்ந்த பிறகே ஊடகம் கலக்கத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் மலிவாக விளையும் வேரோடு அஜ்மலிசினுக்காகக் குடுவை போட்டியிட்டு வெல்வது கடினம். நித்தியகல்யாணியை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இதன் ஆல்கலாய்டுப் பாதை மிக ஆழமாக ஆராயப்பட்டிருப்பதும், கற்றுக்கொள்பவர் தன் பிழையை எளிதில் கண்டுபிடிக்க முடிவதும்தான். இதில் கை பழகியபின், மேற்குத் தொடர்ச்சி மலையில் காம்டோதெசின் என்னும் புற்றுநோய் மருந்து மூலப்பொருளுக்காக மரத்தோடு வெட்டப்படும் நோதாபோடைட்டஸ், கிழங்குக்காக வேரோடு பறிக்கப்படும் மாகாளி போன்றவற்றுக்குச் செல்லலாம். குடுவைக்கு உண்மையான தேவை அங்கேதான் இருக்கிறது.

ஊடகமும் தூய்மையும்

திசு வளர்ப்பு என்றாலே முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-இல் புகையிலைக்காக வகுத்த ஊடகம்தான் நினைவுக்கு வரும். அதில் லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் அமோனியம் நைட்ரேட் இருக்கிறது. நாற்று வளர்க்க அது நன்று. ஆனால் நித்தியகல்யாணி மயிர்வேருக்குக் காம்போர்க் 1968-இல் சோயாவின் வேர்ச் செல்களுக்காக வகுத்த பி5 ஊடகத்தைப் பாதி வலிமையில் பயன்படுத்துவதே சிறந்தது. அதன் முழு வலிமையிலேயே அமோனியம் சல்பேட் லிட்டருக்கு 134 மில்லிகிராம்தான். பாதி வலிமை என்பது உப்புகளுக்கு மட்டும் பொருந்தும். சர்க்கரை லிட்டருக்கு 30 கிராம் முழுமையாகவே இருக்க வேண்டும், வைட்டமின்களையும் குறைக்க வேண்டியதில்லை. பிஎச் அளவை 5.7-க்கும் 5.8-க்கும் இடையில் நிறுத்தி, திட ஊடகம் வேண்டுமெனில் லிட்டருக்கு 8 கிராம் அகர் சேர்த்து, 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைத்து நுண்ணுயிர் நீக்க வேண்டும். பெரிய குடுவைகளின் நடுப்பகுதி சூடேறத் தாமதமாகும் என்பதால், ஒரு லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் பாத்திரங்களுக்கு நேரத்தைக் கூட்டுவது அவசியம். செஃபோடாக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் வெப்பத்தில் சிதைந்துவிடும், அவற்றை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரி அளவுக்கு இறங்கிய பிறகே கலக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் பணியை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வகைப்பாட்டின்படி அனுமதி பெற்றுக்கொள்வது முறை. மாற்றப்படாத இயற்கைப் பாக்டீரியாவைத்தானே பயன்படுத்துகிறோம் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு இதைத் தவிர்க்கக் கூடாது.

விதையிலிருந்து நாற்று

வயலிலிருந்து இலையைப் பறித்து வந்து தூய்மை செய்வதைவிட, விதையைத் தூய்மை செய்து கண்ணாடிக்குள்ளேயே நாற்றாக்குவது பலமடங்கு நம்பகமானது. விதைகளை ஓடும் நீரில் அரைமணி நேரம் கழுவி, இரண்டு மூன்று சொட்டு ட்வீன் 20 என்னும் சோப்புத்தன்மையுள்ள திரவம் கலந்த நீரில் குலுக்கி, லேமினார் ஃப்ளோ என்னும் தூய காற்றுப் பெட்டிக்குள் கொண்டுபோன பின் 70 விழுக்காடு எத்தனாலில் ஒரு நிமிடமும், 2 விழுக்காடு குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடமும் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் ஐந்து முறை அலச வேண்டும். நம் ஆய்வகங்களில் 0.1 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடைப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பாதரச நஞ்சைத் தொட்டியில் கொட்டிவிட்டு மருந்து தயாரிப்பது பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விதைக்கு ஹைப்போகுளோரைட்டே போதும்.

நித்தியகல்யாணி விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். தட்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி 25 டிகிரியில் வைத்து, முளை கண்டபின் 16 மணி நேர வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். நான்கு வாரத்தில் நான்கு இலை விட்ட நாற்று கிடைக்கும். பத்து விதை போட்டால் பத்தும் முளைக்கும் என்று எண்ணாமல், 100 விதைக்குக் குறையாமல் போடுங்கள். பிறகு வரும் தேர்வுகளுக்கு எண்ணிக்கைதான் பலம்.

பாக்டீரியாவை ஏற்றுதல்

அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸின் ஏ4, 15834 என்னும் வகைகள் இந்தச் செடியில் நன்கு வேலை செய்கின்றன. பாக்டீரியாவை 28 டிகிரியில் இரவு முழுவதும் குலுக்கி வளர்த்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்போது எடுக்க வேண்டும். 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோனைச் சேர்த்தால், காயம்பட்ட செடி விடுக்கும் அதே செய்தி பாக்டீரியாவுக்குக் கிடைத்து, அதன் தொற்றுத் திறன் கூடும்.

நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, தண்டை ஓரிரு இடங்களில் கூரிய இடுக்கியால் அழுத்திக் காயப்படுத்தி, அந்த இடுக்கியைப் பாக்டீரியாக் கரைசலில் தோய்த்துக் காயத்தில் தொட்டு வைப்பதுதான் எளிய வழி. இலைத் துண்டுகளைக் கரைசலில் பத்து நிமிடம் நனைத்து எடுப்பதும் உண்டு. ஆனால் இலை சீக்கிரம் பழுப்பேறிவிடுவதைப் பார்த்திருப்பதால் நான் தண்டையே விரும்புகிறேன். எந்த முறையானாலும், காயம் செய்தும் பாக்டீரியா தொடாத நாற்றுகள் சிலவற்றைத் தனியே வைக்க வேண்டும். அவற்றிலும் வேர் வந்தால், அது செடியின் சொந்த வேர் என்று தெரிந்துவிடும்.

மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் காயத்தின் விளிம்பில் முதலில் ஒரு சிறு வீக்கம் தோன்றும். அதிலிருந்து வெள்ளை வேர்கள் நாலாபுறமும் நீளும். தட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், வேரின் இருபுறமும் பனிபடர்ந்தாற்போல் நுண்மயிர்கள் அடர்ந்து நிற்பது தெரியும். இயல்பான வேர் கீழ்நோக்கி அகருக்குள் இறங்கப் பார்க்கும்; மயிர்வேருக்கு அந்த ஒழுங்கு தளர்ந்து, பக்கவாட்டில் ஓடும், சில வேளைகளில் தட்டின் மூடியைத் தொடவும் எழும்.

ஒவ்வொரு வேரும் ஒரு தனி வரிசை

இந்தக் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு மயிர்வேரும் தனியொரு செல்லில் டி-டிஎன்ஏ பதிந்ததால் வந்தது; அது மரபணுத் தொகுதியின் எந்த இடத்தில், எத்தனை படிகளாகப் பதிந்தது என்பது வேருக்கு வேர் மாறுபடும். அதனால் வளர்ச்சியும் ஆல்கலாய்டு அளவும் வரிசைக்கு வரிசை மாறும். ஒரு நாற்றில் வந்த ஐந்து வேர்களை ஒரே தட்டில் கொத்தாகப் போட்டுவிட்டால், பிறகு கிடைக்கும் எண்கள் எதற்கும் பொருளிருக்காது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம் வந்ததும் நுனியை வெட்டி, ஒரு வேருக்கு ஒரு தட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட வேண்டும். முப்பது வரிசைகளோடு தொடங்கினால் இறுதியில் தேறுபவை இரண்டோ மூன்றோதான்.

வேரோடு ஒட்டி வந்த பாக்டீரியாவைக் கொல்ல, தட்டுகளில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் செஃபோடாக்சிம் இருக்க வேண்டும். பத்து நாளுக்கொரு முறை நுனியை மட்டும் வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றி, அளவை 250-க்குக் குறைத்து, நான்கைந்து மாற்றங்களுக்குப் பிறகு ஆன்டிபயாட்டிக் இல்லாத ஊடகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாக்டீரியா ஒளிந்திருந்தால் வேரும் அகரும் சந்திக்கும் கோட்டில் மெல்லிய பால்நிறப் பளபளப்பு தெரியும். கண்ணுக்குத் தெரியாதபோதும் நம்பிவிடாமல், வேர்த்துண்டு ஒன்றை எல்பி அகர் என்னும் பாக்டீரியா வளர்ப்பு ஊடகத்தில் இழுத்து, 28 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

டி-டிஎன்ஏ பதிந்ததை உறுதிப்படுத்தும் பிசிஆர் (குறிப்பிட்ட மரபணுவைப் பெருக்கிக் காட்டும்) சோதனையில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ரோல் மரபணுக்களுள் ஒன்றான ரோல்பிக்குப் பட்டை வந்தவுடன் வேர் மாற்றம் பெற்றுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வேரோடு ஒட்டிய பாக்டீரியாவிலும் ரோல்பி இருக்கிறது. பட்டை அதிலிருந்தும் வரலாம். டி-டிஎன்ஏவுக்கு வெளியே பிளாஸ்மிடில் இருப்பதும், செடிக்குள் நுழையாததுமான விர்டி மரபணுவையும் சேர்த்துச் சோதித்து, ரோல்பி இருந்து விர்டி இல்லை என்று வந்தால்தான் முடிவு செல்லும்.

குடுவையில் வளர்த்தல்

250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையில் 50 மில்லிலிட்டர் பாதி வலிமை பி5 திரவ ஊடகம் எடுத்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள வேர்நுனிகளை ஐந்து வீதம் இட்டு, நிமிடத்துக்கு 100 சுற்றில், 26 டிகிரியில், இருட்டில் குலுக்க வேண்டும். நுனிகளின் எண்ணிக்கையும் நீளமும் குடுவைக்குக் குடுவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வளர்வது நுனி என்பதால், நுனி கூடினால் வளர்ச்சியும் கூடிவிடும்.

முதல் வாரம் எதுவும் நடக்காதது போலிருக்கும். இரண்டாம் வாரத்தில் கிளைகள் விட்டு, மூன்றாம் வாரத்தில் குடுவை நிறைய வெள்ளைப் பந்தாகிவிடும். வளர்ச்சியை அறிய, நான்கு நாளுக்கொரு முறை மூன்று குடுவைகளை எடுத்து வேரை உறிஞ்சுதாளில் ஒற்றி எடை பார்த்து, உலர்த்தி மீண்டும் எடை பார்க்க வேண்டும். குடுவைகளைப் பலியிட மனமில்லாதவர்கள் ஊடகத்தின் மின்கடத்துத் திறனை அளக்கலாம். வேர் உப்பை உறிஞ்ச உறிஞ்ச அது சீராகக் குறைந்து வரும்.

வரிசைகளை ஒப்பிடும்போது எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில் தெளிவு வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு வரிசையின் உலர் எடையில் 0.3 விழுக்காடு அஜ்மலிசின் இருந்து, லிட்டருக்கு 6 கிராம் உலர்வேர் கிடைத்தால், ஒரு லிட்டருக்கு வருவது 18 மில்லிகிராம். இன்னொன்றில் 0.2 விழுக்காடுதான்; ஆனால் அதே கால அளவில் லிட்டருக்கு 12 கிராம் உலர்வேர் கிடைத்தால், வருவது 24 மில்லிகிராம். கட்டுரைகளில் பெரிதாகத் தெரிவது முதல் வரிசை. கலனுக்கு ஏற்றது இரண்டாவது.

தூண்டிவிடுதல்

செடி இந்த ஆல்கலாய்டுகளைத் தன் தற்காப்புக்காக உண்டாக்குகிறது. பூச்சி கடித்தாலோ பூஞ்சை தாக்கினாலோ செடிக்குள் ஜாஸ்மோனேட் என்னும் செய்திப்பொருள் எழுகிறது. அது ஓர்கா3 என்னும் கட்டுப்படுத்தும் புரதத்தை விழிக்கச் செய்து, டிரிப்டமினும் செகோலோகனினும் இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆகும் பாதையின் நொதிகளைப் பெருக்குகிறது. ஓர்கா3-இன் பங்கு 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. அஜ்மலிசின், காதரந்தின் எல்லாமே ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்து பிரிந்து செல்லும் கிளைகள்தாம். ஆக, ஜாஸ்மோனேட்டின் ஒரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டை ஊடகத்தில் இடுவது, பூச்சி இல்லாமலே பூச்சி வந்த செய்தியை வேருக்குச் சொல்வதாகும்.

எப்போது இடுவது என்பது முக்கியம். முதல் வாரத்திலேயே இட்டால் வேர் வளர்வதை நிறுத்திவிடும். வளர்ச்சி முடிந்தபின் இட்டால் வேருக்கு அதற்கான சத்து மிஞ்சியிருக்காது. வேகமான வளர்ச்சி தணியத் தொடங்கும் 21-ஆம் நாளை ஒட்டி இட்டு, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் அறுவடை செய்வது நல்ல தொடக்கம். 100-க்கும் 250-க்கும் இடைப்பட்ட மைக்ரோமோலார் அளவுகளைச் சோதியுங்கள். 50 மில்லிலிட்டரில் 250 மைக்ரோமோலார் எட்டுவதற்கு 2.8 மில்லிகிராம்தான் தேவை. அதை நேரடியாக எடுக்க முடியாது என்பதால், எத்தனாலில் மில்லிலிட்டருக்கு 56 மில்லிகிராம் வீதம் கரைத்து, வடிகட்டி, குடுவைக்கு 50 மைக்ரோலிட்டர் இட வேண்டும். தூண்டாத குடுவைகளுக்கும் அதே 50 மைக்ரோலிட்டர் வெறும் எத்தனாலை இட மறக்கக் கூடாது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்த முதல் தூண்டல் சோதனையில், தூண்டாத குடுவைகளிலும் அஜ்மலிசின் உயர்ந்து வந்தது. பிழை எங்கே என்று ஒரு மாதம் தேடினோம். கடைசியில்தான் விளங்கியது: மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவியாகும் பொருள், பஞ்சு அடைப்பின் வழியே வெளியேறி, அதே ஷேக்கரில் பக்கத்தில் இருந்த குடுவைகளுக்கும் போயிருக்கிறது. காட்டில் ஒரு செடி கடிபட்டால் பக்கத்துச் செடி விழித்துக்கொள்வதும் இதே வழியில்தான். அன்றிலிருந்து தூண்டிய குடுவைகளுக்கும் தூண்டாதவற்றுக்கும் வேறு வேறு ஷேக்கர், முடிந்தால் வேறு வேறு அறை.

பிரித்தெடுத்தலும் அளத்தலும்

அறுவடை செய்த வேரை நீரில் விரைவாக அலசி, ஒற்றி, உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். தாமதித்தால் வேரிலுள்ள பெராக்சிடேஸ் நொதி அஜ்மலிசினைச் செர்ப்பன்டினாக ஆக்சிஜனேற்றிவிடும். அளவு குறைந்ததற்கு வளர்ப்பைப் பழிப்போம், உண்மையில் குறைத்தது மேசையில் கிடந்த அரைமணி நேரமாக இருக்கும். உறைநிலையில் உலர்த்தும் கருவியில் உலர்த்துவது சிறந்தது. அது இல்லாத இடத்தில் 40 டிகிரி உலர்த்தியைப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா மாதிரிகளையும் ஒரே முறையில் உலர்த்த வேண்டும்.

100 மில்லிகிராம் உலர்பொடியை 10 மில்லிலிட்டர் மெத்தனாலில் இட்டு, ஒரு மணி நேரம் சோனிகேட்டரில் (ஒலியதிர்வுக் கருவியில்) வைத்து, மையவிலக்கில் சுழற்றித் தெளிவை எடுக்க வேண்டும். இதை மூன்று முறை செய்து தெளிவுகளைச் சேர்த்து ஆவியாக்க வேண்டும். மிஞ்சிய படிவை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தால் ஆல்கலாய்டுகள் உப்பாகி நீரில் தங்கும். அப்போது எத்தில் அசிடேட்டால் ஒரு முறை கழுவினால் கொழுப்பும் பிற அழுக்குகளும் போய்விடும். பிறகு அம்மோனியா சேர்த்துப் பிஎச் அளவை 10 ஆக உயர்த்தி, மீண்டும் எத்தில் அசிடேட்டால் பிரித்தால் ஆல்கலாய்டுகள் கரைப்பானுக்கு வந்து சேரும். குளோரோஃபார்ம் இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் புகைக்கூண்டு சரியாக இயங்காத இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. செர்ப்பன்டின் எப்போதும் மின்னேற்றம் தாங்கியே இருப்பதால் இந்தப் பிரிப்பில் முழுமையாக வராது; அதையும் அளக்க விரும்புபவர் மெத்தனால் தெளிவை நேரடியாகவே ஓட்ட வேண்டும்.

கலவையைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி என்னும் கருவியில், சி18 தம்பத்தில், அசிட்டோநைட்ரைலும் தாங்கல் கரைசலும் கலந்து ஓட்டி, 254, 280 நானோமீட்டர்களில் பார்க்கலாம். தரமான அஜ்மலிசின் மாதிரியின் நேரத்தோடு நம் உச்சியின் நேரம் பொருந்துவது மட்டும் சான்றாகாது. தரமாதிரியை நம் சாற்றோடு கலந்து ஓட்டி அதே உச்சி உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். புறஊதா நிறமாலையை ஒப்பிட வேண்டும். வாய்ப்பிருந்தால் நிறை நிறமாலையில் மூலக்கூற்று எடை 352 என்று உறுதி செய்ய வேண்டும். வேர் மட்டுமன்றி ஊடகத்தையும் சோதியுங்கள். ஓஃபியோரைசா பூமிலா என்னும் செடியின் மயிர்வேர் காம்டோதெசினை ஊடகத்திலேயே கசியவிடுவது ஜப்பானில் கண்டறியப்பட்டிருக்கிறது. அத்தகைய இயல்பு இருந்தால் வேரை அழிக்காமலே மருந்தை எடுக்கலாம். இப்படிக் கிடைக்கும் சாறு ஆய்வுப் பொருளே. எவருக்கும் உட்கொள்ளக் கொடுக்கத் தக்கதன்று.

குடுவைக்கு அப்பால்

செல் வளர்ப்பைப் பெரிய கலனுக்குக் கொண்டுபோவதற்கும் வேரைக் கொண்டுபோவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. செல்லைக் குழாயில் செலுத்தலாம். பின்னிப் பிணைந்த வேரை அப்படிச் செலுத்த முடியாது. துடுப்பு சுழலும் கலனில் வேர் சிக்கி அறுந்துவிடும். அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் எழும் கலனில், நடுவே நைலான் வலையை மடித்து நிறுத்தி, அதில் வேர்த்துண்டுகள் பற்றிக்கொள்ளும்படி செய்வது நடைமுறைக்கு உகந்தது. வேர்ப்பந்தின் நடுவே ஆக்சிஜன் எட்டாமல் கருத்துப்போவதுதான் முதன்மைச் சிக்கல்; ஊடகத்தைப் பனித்துளியாகத் தெளிக்கும் கலன்கள் அதற்காகவே உருவாயின. கொரியாவில் ஜின்செங் வேரை 10,000 லிட்டர் கலனில் வளர்த்திருக்கிறார்கள் என்பதால் இது இயலாத காரியம் அன்று. ஆனால் 5 லிட்டரில் மூன்று முறை தொடர்ந்து ஒரே விளைச்சலைக் காட்டாமல் 50 லிட்டருக்குப் போகாதீர்கள்.

காலம் இன்னொரு பக்கமும் நகர்ந்திருக்கிறது. 2022-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழுவினர், நித்தியகல்யாணியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் அடுக்கடுக்காக ஏற்றி, வின்டோலினையும் காதரந்தினையும் ஈஸ்ட்டே தயாரிக்கும்படி செய்து காட்டினார்கள். அதற்கு வேண்டிய மரபணுக்கள் எவை என்று அறிய, செடியின் திசுக்களில் பல பதிற்றாண்டுகள் நடந்த ஆய்வுகளே அடித்தளமாக இருந்தன.

வரிசையைக் காத்தல்

நல்ல வரிசை கிடைத்ததும் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. 28 நாளுக்கொரு முறை திட ஊடகத்தில் நுனி மாற்ற வேண்டும். எப்போதும் வேகமாக வளரும் நுனியை மட்டுமே எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை அஜ்மலிசின் அளவையும் ரோல்பி பட்டையையும் மீண்டும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிசையும் குறைந்தது இரண்டு அறைகளில், வேறு வேறு மின்சார இணைப்பில் இருக்க வேண்டும். முப்பதில் தேறிய எங்கள் மிகச் சிறந்த வரிசையை நான் ஒரே வளர்ப்பறையில் வைத்திருந்தேன். சித்திரை மாதத்து இரவொன்றில் மின்சாரம் போய், குளிர்சாதனம் நின்று, காலையில் கதவைத் திறந்தபோது அறை 41 டிகிரியில் இருந்தது. தட்டுகளில் வேர்கள் வெளிப்பார்வைக்கு வெள்ளையாகவே இருந்தன. நான்கு நாளில் நுனியிலிருந்து பழுப்பேறின. 14 என்று எண்ணிட்ட அந்த வரிசைக்கு நிகரான ஒன்றைப் பெற, விதையிலிருந்து தொடங்கி மீண்டும் பதினோரு மாதம் ஆயிற்று. புதிய வரிசையின் தட்டுகளில் பாதி இப்போது வேறொரு கட்டடத்தில் இருக்கின்றன.